பத்து வருட லேப்டாப்பை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? இலவச மென்பொருள்களில் எதை எடுப்பது

தை அறுவடை முடிந்து ரோட்டோரமெல்லாம் வைக்கோல் கட்டு ஏறிக்கொண்டிருந்த சமயம். மாமா தன் லேப்டாப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு, மன்னார்குடியில் இருக்கும் என் கடைக்கு எடுத்து வந்தார். "மாப்ளே, இது இனிமே ஆகாதாம். காட்டின இடத்துல சொல்லிட்டாங்க. புதுசு நாப்பதாயிரம் வருமாம். வாங்கிடவா?" என்றார்.

மாமா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்கோயில் கணக்கு அவரிடம்தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினாலும், வாய்க்கால் தூர்ந்து போனாலும், மனு எழுத ஊரே அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். லேப்டாப் 2016-ல் வாங்கியது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் திரை வந்திருக்கும். அவ்வளவு மெதுவு.

புதுசு வாங்க வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் வேண்டாம் என்றால் வேறென்ன செய்வது, எந்த மென்பொருளைப் போடுவது, எதை விடுவது என்று அடுத்த கேள்வி வருகிறதல்லவா? டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று நாளெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இதே கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் எதை எடுத்தாலும் ஒன்றை வைத்துத்தான் அளக்கிறேன். டெல்டாவில் மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அந்த நேரத்தில் வேலை ஓடுமா, செய்த வேலை நம் கையில் இருக்குமா? இதற்கு "ஆம்" என்று பதில் சொல்கிற மென்பொருள்தான் எனக்கு நல்ல மென்பொருள். விளம்பரமும் வசதிப் பட்டியலும் அப்புறம்தான்.

விண்டோஸ் 10-ஐ என்ன செய்வது

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இதைத்தான் "ஆகாது" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்டேட் நின்றதால் லேப்டாப் நின்றுவிடாது. நேற்றுவரை ஓடியதெல்லாம் இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் திறக்கிற கணினியில் அந்த ஓட்டைகளை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டுவது சரியல்ல.

இதற்கு நான்கு வழி இருக்கிறது. முதல் வழி, விண்டோஸ் 10-ஐயே இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வது. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. சம்மதிக்காதவர்கள் 30 டாலர் கட்டியும் வாங்கிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு அங்கேயே இருக்கும். ஐந்து நிமிட வேலை. எந்த வழியைப் பிற்பாடு எடுக்கப்போகிறீர்கள் என்றாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, விண்டோஸ் 11. இதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு (சிப்) வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மாமாவின் 2016 மாடலுக்கு இது கிடையாது. சோதனையைத் தாண்டிப் போடும் குறுக்கு வழி இருக்கிறது, சிலர் போட்டும் கொடுக்கிறார்கள். நான் போடுவதில்லை. ஏற்காத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்டே உறுதி சொல்லவில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? உங்கள் கணினி 2019-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் பெரும்பாலும் நேராகவே 11 ஏறிவிடும், காசும் இல்லை. அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

மூன்றாவது, லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம் இது; லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரைக் கேட்டதுமே பலர் பின்வாங்குகிறார்கள். லினக்ஸ் நம் ஊர் வீடுகளுக்குப் புதிது இல்லை. 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். இன்றைய மின்ட் அதைவிட எவ்வளவோ பழக எளிது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் கோப்புகள் என்று பார்த்த பார்வைக்கு விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும். 2024-ல் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் வசதி. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு பழைய லேப்டாப்புக்கென்றே செய்தது போல இருக்கிறது.

மின்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, போடுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற சின்ன இலவசக் கருவியால் மின்டை எழுதி, அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பினால் போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரின்டர் அச்சடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே வரும். முக்கியமாகப் பிரின்டரைப் பாருங்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிரின்டர்தான் சில மாடலில் முரண்டு பிடிக்கும்.

மின்ட் யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாலியில் கணக்கு வைத்திருக்கும் அரிசி மண்டிக்காரர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி வேலை செய்கிறவர், ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கிற சேவை மையம், இவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அந்தக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நம்பித்தான் எழுதப்படுகிறது. என் கடையில் மூன்று கணினி இருக்கின்றன. இந்தக் காரணத்துக்காகவே ஒன்றை விண்டோஸ் 11-ல் வைத்திருக்கிறேன், மற்ற இரண்டும் மின்ட்.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதுவும் இலவசம், வேகமும் நன்றாக இருக்கும். நெட் இல்லையென்றால் பாதி வேலை நின்றுவிடும் என்பதால் என் அளவுகோலில் தேறவில்லை.

நான்காவது வழி புதுசு வாங்குவது. அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கைச் செலவழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டுப் பாருங்கள். இது இலவசமில்லைதான். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் காசு செலவழிக்கச் சொல்லப்போவது இதற்கும் பென்டிரைவுக்கும் மட்டும்தான். சுழலும் தட்டு போய் எஸ்எஸ்டி வந்த பிறகு அதே லேப்டாப் வேறு லேப்டாப் மாதிரி ஆகிவிடுகிறது. மாமாவுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, மின்டும் ஏற்றினேன். இப்போது பொத்தானை அழுத்தி முப்பது எண்ணுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

தமிழில் எப்படி அடிப்பது

மாமா உட்பட எல்லாருக்கும் இதுதான் உண்மையான சிக்கல். இயங்குதளம் மாறினால் இரண்டு நாளில் பழகிவிடும். விரல் பழக்கம் மாறாது. ஆகவே யாருக்கு எந்த விசைப்பலகை என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது.

மாமா போன்றவர்கள் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்கள். அவர்கள் விரலில் இருப்பது பழைய தட்டச்சுப் பலகை. தட்டச்சில் "நெல்" என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் ந. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் விரல் போகும். இவர்களிடம் போய் "ஆங்கிலத்தில் அடியுங்கள், தமிழ் வரும்" என்பது நாற்பது வருடப் பயிற்சியைத் தூக்கிப் போடச் சொல்வதாகும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற இலவசக் கருவி இவர்களுக்காகவே பழைய தட்டச்சு அமைப்பையும் வைத்திருக்கிறது. நெடுநாளாகப் புதுப்பிக்கப்படாத மென்பொருள்தான், ஆனாலும் வேலை செய்கிறது. லினக்ஸிலும் தட்டச்சு அமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். மாமாவுக்கு அதைத்தான் சேர்த்தேன். முதல் மனுவை அடித்து முடித்ததும், "கை தடுமாறவே இல்லடா" என்றார்.

புதிதாகத் தமிழில் அடிக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என் பரிந்துரை தமிழ் 99, வேறெதுவும் இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட பலகை இது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வந்துவிடும். இதன் அழகு அதற்கு மேல் இருக்கும் ஒரு விதியில். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இனச் சோடிகளுக்கும் அப்படியே.

"பட்டுக்கோட்டை" என்று அடித்துப் பாருங்கள். ப, ட, ட, உ, க, க, ஓ, ட, ட, ஐ. பத்தே தட்டு. சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது, ஒன்றைக்கூட நாம் வைக்கவில்லை. வலது கை மூன்று தட்டு, இடது கை ஒன்று, வலது இரண்டு, இடது ஒன்று என்று உலக்கை மாற்றிக் குத்துவது போல விரல்கள் போகும். "தஞ்சை" நான்கே தட்டு: த, ஞ, ச, ஐ. இதே பட்டுக்கோட்டையை ஆங்கில ஒலிப்பு முறையில் அடித்தால் பன்னிரண்டு பதின்மூன்று தட்டு ஆகும், நடுவில் ஷிஃப்ட் வேறு. ஒரு நாளைக்கு இருபது பக்கம் அடிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஒலிப்பு முறையிலிருந்து தமிழ் 99-க்கு மாற எனக்குப் பதினைந்து நாள் ஆனது. முதல் நான்கு நாள் கஷ்டம்தான். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். பிள்ளைகள் தமிழ் 99-ல் அடித்தால் தமிழைத் தமிழெழுத்தாகவே நினைக்கிறார்கள். லகர ளகர ழகரத்துக்குத் தனித்தனி விசை இருக்கிறது. ஒலிப்பு முறையில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று குழம்பி, "பள்ளி" போய் "பல்லி" வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதையே கற்றுக்கொடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எப்போதோ ஒருமுறை நான்கு வரி அடிக்கிறவர்களுக்கு ஒலிப்பு முறையே போதும். அதற்கென்று எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10-ல் 2019 மே அப்டேட்டிலிருந்தே தமிழ் ஒலிப்புப் பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறிக்கொள்ளும். கூகுளின் பழைய தமிழ்த் தட்டச்சுக் கருவியை எங்கெங்கோ தேடி இறக்குகிறார்கள். கணினியில் நிறுவும் அந்தப் பதிப்பைக் கூகுள் கைவிட்டுப் பல வருடமாகிறது. இப்போது அதே பெயரில் யார் யாரோ வைத்திருக்கும் கோப்பை இறக்குவது ஆபத்து.

அடிக்கவே வராது என்கிறவர்களுக்குப் பேச்சு. கூகுள் டாக்ஸைக் குரோமில் திறந்து, குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுதிக்கொண்டே போகும். நெட் கட்டாயம். மேடைப் பேச்சு மாதிரி நிதானமாகப் பேசினால் நன்றாகவே வருகிறது. நம் பேச்சு வழக்கில் வேகமாகப் பேசினால் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டியிருக்கும்.

அப்புறம் பழைய கோப்புகள். கோயில் கணக்கு, சங்கத் தீர்மானம், பத்திரிகை மேட்டர் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத குறிகள்தான் தெரியும். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. 2010-லேயே தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்துவிட்டது. இனி புதிதாக எதையும் பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். அடித்ததை என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றி வையுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துப் பார்ப்பது அவசியம். அழகான எழுத்துரு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் முதலான யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது.

மனுவும் கணக்கும் எதில் எழுதுவது

இங்கே பெரும்பாலோர் "இலவசமாக" வைத்திருப்பது திருட்டு எம்எஸ் ஆஃபீஸ். சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் கிராக் (உரிமப் பூட்டை உடைக்கும் நிரல்) போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. போன வருடம் ஒரு தம்பி கொண்டுவந்த கணினியில் அப்படிப் போட்ட கிராக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த நிரல், பிரவுசரில் எதைத் திறந்தாலும் வேறு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிராக்கைப் போடவே முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள். காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது. ஆகவே இந்த வழியை ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை.

மிச்சம் இருப்பது லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் இரண்டும்தான். லிப்ரே ஆஃபீஸ் 2010-ல் ஓபன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வந்தது. பழைய பெயரை நினைவு வைத்துக்கொண்டு ஓபன் ஆஃபீஸையே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது, லிப்ரேயை இறக்குங்கள். நெட் வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம், மெனுவையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். மின்டில் கூடவே வந்துவிடும். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும், அவற்றின் வடிவிலேயே சேமிக்கவும் செய்யும். அட்டவணையும் படமும் நெருக்கி வைத்த வேர்டு கோப்பைத் திறந்தால் சில நேரம் வரி தள்ளிப்போகும். கட்டம் போட்ட அரசுப் படிவங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கோப்பை அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கூகுள் டாக்ஸின் பலம் கூட்டு வேலை. ஊர்த் திருவிழா வரவு செலவை நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து ஒரே தாளில் எழுதலாம், துபாயில் இருக்கும் தம்பி உட்பட. அடிக்க அடிக்கச் சேமித்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் போன வரிவரை இருக்கும். ஆனால் நெட் இல்லாமல் வேலை செய்ய முன்கூட்டியே ஆஃப்லைன் வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும். இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை நீக்கும் உரிமையும் கூகுளுக்கு உண்டு.

என் தீர்ப்பு இதுதான். தனியாக எழுதுவது, வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியது எல்லாம் லிப்ரேயில். பலர் சேர்ந்து எழுதுவது டாக்ஸில், வேலை முடிந்ததும் ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்வது. லிப்ரேயில் போட்டவுடன் ஒரு மாற்றம் செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லோடு/சேவ் பகுதியில் ஜெனரலுக்குப் போனால், மீட்புக்கான தகவலை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் சேமிப்பது என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். பக்கத்திலேயே எப்போதும் பேக்கப் பிரதி உருவாக்கு என்ற கட்டமும் இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். பாட்டரி செத்துப்போன லேப்டாப்பில் கரண்ட் போகும்போது, இந்த இரண்டு டிக்கும் முழு மனுவையே காப்பாற்றிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆதாரை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றாதீர்கள்

விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் தேவை இரண்டு: புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்க வேண்டும், நான்கு பக்கச் சான்றிதழை ஒரே பிடிஎஃப்பாக ஒட்ட வேண்டும். உடனே கூகுளில் தேடி, முதலில் வருகிற தளத்தில் ஆதாரையும் சாதிச் சான்றையும் ஏற்றிவிடுகிறார்கள். அந்தத் தளம் யாருடையது, கோப்பை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. நம் கணினியை விட்டு வெளியே போகாமலே இந்த வேலை முழுவதையும் செய்யலாம்.

விண்டோஸில் பிடிஎஃப்24 கிரியேட்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் ஒட்டுவது, பிரிப்பது, சுருக்குவது எல்லாம் நெட் இல்லாமலே நடக்கும். அதே பெயரில் இணையதளமும் இருப்பதால், நிறுவும் பதிப்பைப் பார்த்து எடுங்கள். புகைப்படத்துக்கு இர்ஃபான்வியூ. ஜேபெக் ஆகச் சேமிக்கும்போது இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் அதற்குள் அடக்கித் தரும். வீட்டு உபயோகத்துக்குத்தான் அது இலவசம். கடையில் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும், நான் வாங்கியிருக்கிறேன். "இலவசம்" என்று எழுதியிருந்தால் யாருக்கு இலவசம் என்பதையும் ஒரு வரி படித்துவிடுங்கள்.

சின்னச் சின்னக் கருவிகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, போட்டுவிட்டு மறந்துவிடலாம். படம், பாட்டு எதுவானாலும் விஎல்சி. சுருக்கிய கோப்புகளுக்கு 7-ஜிப், வின்ரார் கேட்கும் பணத்தைத் தவிர்க்கலாம். பெயர் மட்டும் நினைவிருக்கிற கோப்பைத் தேட எவ்ரிதிங்: "குறுவை" என்று அடிக்க ஆரம்பித்தவுடனே பத்து வருடத்துக் கோப்பும் வந்து நிற்கும். விண்டோஸின் சொந்தத் தேடலில் இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை

விண்டோஸிலேயே தொடர்கிறவர்கள் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினி எழும்போதே கூட எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல் இருக்கும். தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். வைரஸ் தடுப்பையும் ஒலி, டச்பேடு சம்பந்தப்பட்டதையும் தொடாதீர்கள். "கணினியை வேகமாக்கும் மென்பொருள்" என்று எதையும் இறக்க வேண்டாம். அவை செய்வதாகச் சொல்வதில் உருப்படியான பாதி இந்த ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த வைஃபை இணைப்பின் பண்புகளுக்குப் போய் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை இயக்குங்கள். இல்லையென்றால் அப்டேட் பின்னாலிருந்து அன்றைய டேட்டா முழுவதையும் குடித்துவிடும். பிரௌசிங் சென்டர் வைஃபையில் வாரம் ஒரு முறை அப்டேட்டை முடித்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையோடு வி விசையை அழுத்தினால் கிளிப்போர்டு வரலாறு வரும். முதல் முறை இயக்கச் சொல்லும், இயக்கிவிடுங்கள். ஐந்து பேர் பெயரை ஒவ்வொன்றாகக் காப்பி செய்து, வேறு படிவத்தில் ஒவ்வொன்றாக ஒட்டும்போது இதன் அருமை புரியும்.

கஜா கற்றுக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்று ராத்திரி கடையின் ஓட்டுக் கூரை பிரிந்து, கீழ்த்தட்டில் வைத்திருந்த கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து நனைந்துபோயின. எட்டு வருடத்துப் பத்திரிகை டிசைன்கள், ஊர்க்காரர்களின் மனுக்கள் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. வந்த பிறகு டிஸ்க்கைச் செருகினால் ஒரு டிக் டிக் சத்தம் மட்டும் வந்தது. பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தேன்.

அதனால் பேக்கப் என்று வரும்போது எந்த மென்பொருள் என்பதைவிட எந்த இடம் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். பென்டிரைவ் மலிவு, நெட் வேண்டாம், ஆனால் தொலையும், நனையும், வருடக்கணக்கில் செருகாமல் வைத்தால் நம்ப முடியாது. கூகுள் டிரைவ் புயலுக்கு அஞ்சாது, ஆனால் கோப்புகளை ஏற்ற டேட்டா வேண்டும், கடவுச்சொல் மறந்தால் திண்டாட்டம். சிங்க்திங் என்ற இலவசக் கருவி மூன்றாவது வகை. நடுவில் எந்த நிறுவனத்தின் கிடங்கும் இல்லாமல், உங்கள் கணினியிலிருந்து உங்களுடைய இன்னொரு கணினிக்கு நேராகக் கோப்பை அனுப்பும். நான் இப்போது அதைத்தான் நம்பியிருக்கிறேன். கடைக் கணினியில் சேமிக்கிறதெல்லாம் திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக் கணினியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் நடக்கும் என்பது அதன் குறை. நானும் அக்காவும் ராத்திரி எட்டு மணிக்கு என்று பேசி வைத்துக்கொண்டோம். இன்னொரு எச்சரிக்கை: இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். ஆகவே பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும் வசதியை அதில் இயக்கி வையுங்கள்.

மாமாவுக்குச் சிங்க்திங் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவருக்கு வேலை மாதத்துக்கு ஒரு தரம்தான். இரண்டு பென்டிரைவ் வாங்கிக் கொடுத்தேன், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு அவர் வீட்டு இரும்புப் பெட்டியில். கறுப்பு என் கடையில். மாதப் பிறப்பன்று கோயில் கணக்கு முடிக்க வரும்போது சிவப்பைக் கொண்டுவந்து, கறுப்பை எடுத்துக்கொண்டு போகிறார். மாசி ஒன்றாம் தேதி முதல் தரம் மாற்றிக்கொண்டோம். வாய்க்கால் தூர் வாரச் சொல்லி அவர் அடித்த மனுவின் பிரதியும் அதில் இருந்தது, மின்டில் அடித்தது, யூனிகோடில்.